தங்கக் குன்றும் பதினொரு நாட்களும்

எங்கள் குடும்பத்தில் கல்யாணத்துக்குக் கல்யாணம் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. பெரியம்மாவின் கதை. 1974இல், பத்தொன்பது வயதில், நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்து, வந்தவாசியில் பஸ் ஏறி மெட்ராஸுக்குப் போனவர் பதினோராம் நாள் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அவ்வளவுதான் கதை. சொல்பவரின் மனநிலையைப் பொறுத்து அழுகை கூடும், குறையும். பெட்டியின் பூட்டு உடைந்திருந்தது என்று ஒரு அத்தை சேர்த்துக்கொள்வார். முடிவு மட்டும் மாறாது: “அவளாலேயே முடியல.” ப்ளஸ் டூ முடித்தபோது இதைக் கேட்டேன். எம்ஃபில் சேர்ந்தபோது கேட்டேன். முனைவர் பட்ட ஆய்வுக்காக வெளியூர் விடுதியில் தங்கப்போகிறேன் என்றபோது இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன். ஒவ்வொரு முறையும் பெரியம்மா அதே கூடத்தில்தான் இருந்தார், பூத்தொடுத்துக்கொண்டோ முறுக்குப் பிழிந்துகொண்டோ. ஒருமுறைகூட மறுத்ததில்லை.

இந்தக் கதையை நான் வேறு விதமாகக் கேட்கக் கற்றுக்கொண்டது அமெரிக்காவில் உருவான ஒரு விளையாட்டிலிருந்து. சொன்னால் சிரிப்பார்கள் என்று இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன்.

2020 ஊரடங்கில் அக்கா மகள் எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டாள். கைப்பேசியில் எந்நேரமும் எதையோ வாசித்துக்கொண்டிருந்தாள். பொறியியல் படிக்கிற பெண் இவ்வளவு வாசிக்கிறாளே என்று எட்டிப் பார்த்தால், அது ஒரு விளையாட்டு. 1999இல் கணினிக்காக வந்த ‘கிங் ஆஃப் டிராகன் பாஸ்’. சுடுவது, ஓடுவது எதுவும் இல்லை. ஒரு குலத்தை நடத்த வேண்டும். மாடு, விதைப்பு, பக்கத்துக் குலத்தோடு பகை, ஏழு பேர் கொண்ட ஆலோசனை வட்டம். அந்த ஏழு பேரில் பெண்கள் சரிக்குச் சரியாக இருந்தார்கள், தலைவியாகவும் ஆனார்கள். குலத்துக்குப் பெரிய ஆபத்து வரும்போது வட்டத்தில் ஒருவர் தெய்வத்தின் கதைக்குள் நுழைகிறார். தெய்வம் அன்று செய்ததை இன்று இவர் தன் உடம்பால் மறுபடி செய்கிறார். சரியாகச் செய்தால் வரம் கிடைக்கும். பிசகினால் காயத்தோடு வருவார், அல்லது வராமலே போவார். விளையாடுபவர் அந்தத் தொன்மத்தை முன்பே படித்து நினைவில் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதி வழியில் விழிக்க வேண்டியதுதான்.

எனக்கு இது புதிதாகவே படவில்லை. நான் செய்யாறு, வந்தவாசிப் பக்கத்துக்காரி. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பதினெட்டாம் போர் முடிந்து படுகளம் வரை இரவெல்லாம் கூத்து பார்த்து வளர்ந்தவள். களிமண்ணில் பெரிதாகச் செய்து படுக்கவைத்த துரியோதனன் சாகத்தான் போகிறான் என்று குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் விழித்திருப்போம். துகில் உரியும் இரவில் பாஞ்சாலி வேடம் கட்டியவர் ஆண் என்பதும் தெரியும், அம்மாக்கள் அழுவதும் தெரியும். முடிவு தெரிந்த கதைக்குள் மறுபடி மறுபடி ஏன் போகிறோம் என்று அப்போது யாரும் கேட்டதில்லை.

விளையாட்டின் பின்னணியைத் தேடிப் போனபோது கிடைத்த பெயர் கிரெக் ஸ்டாஃபோர்ட். 1966இல், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ‘கிளோராந்தா’ என்றொரு உலகத்தைக் கற்பனை செய்து எழுதத் தொடங்கியவர். கதையாக எழுதி அனுப்பியதைப் பதிப்பகம் திருப்பி அனுப்பிவிட்டது. அதன் பிறகுதான் அந்த உலகத்தைப் பலகை விளையாட்டாக மாற்றி, அதை வெளியிடுவதற்காகவே கேயாசியம் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கி, 1975இல் வெளியிட்டார். 1978இல் அதே உலகத்தில் நடக்கும் ‘ரூன்குவெஸ்ட்’ வந்தது. இது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பேசிப் பேசி விளையாடுவது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். முடியுமா முடியாதா என்பதைப் பகடை சொல்லும்.

ரூன்குவெஸ்டின் முதல் அட்டைப்படத்தை வரைந்தவர் ஒரு பெண், லூயிஸ் பெரென். தலைக்கவசமும் கேடயமும் தரித்த ஒரு பெண் பெரிய பல்லி போன்ற மிருகத்தோடு மோதுகிறாள். கவசம் கவசமாக இருக்கிறது, உடம்பைக் காட்டும் ஜன்னலாக இல்லை. அதே 1978இல் இந்த வகை விளையாட்டுகளிலேயே மிகப் பெரிதான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ தன் புதிய விதிநூலை வெளியிட்டது. அதில் மனிதப் பெண் பாத்திரத்தின் உடல் வலிமைக்கு ஆணுக்கு உள்ளதைவிடக் குறைவான உச்சவரம்பு அச்சிடப்பட்டிருந்தது. டிராகன் நெருப்பைக் கக்கலாம், மந்திரவாதி பறக்கலாம், எல்லாம் கற்பனைதான். ஆனால் ஒரு பெண்ணுக்கு ஒரு ஆணளவு பலம் இருப்பது மட்டும் நம்பும்படி இல்லை போலிருக்கிறது.

கிளோராந்தாவின் தேவ காலத்தில் காலம் என்பதே இல்லை. புயற்கடவுள் ஓர்லாந்த், சூரியப் பேரரசன் யெல்மைக் கொன்றுவிடுகிறான். உலகம் இருள்கிறது. தெய்வங்கள் ஒருவரையொருவர் அழிக்கிறார்கள். மண்ணின் தாய் எர்னால்டாவும் அந்த இருளில் அடங்கிப்போகிறாள். கொன்றவனே கடைசியில் பாதாளத்துக்குப் போய்த் தன் பிழையை ஒப்புக்கொண்டு சூரியனை மீட்க வேண்டியிருக்கிறது. அராக்னே சோலாரா என்னும் சிலந்தித் தாய் தன் வலையில் எல்லாவற்றையும் கட்டிச் சேர்க்க, காலம் பிறக்கிறது. அதற்கு ஒரு விலை உண்டு. அதன் பிறகு தெய்வங்களால் புதிதாக எதுவும் செய்ய முடியாது. செய்ததையே செய்துகொண்டிருப்பார்கள். புதிதாகச் செய்யும் உரிமை சாகப்போகிறவர்களுக்கு, அதாவது நமக்கு மட்டும். மனிதர் தொன்மத்துக்குள் நுழைந்து நடந்தால் அதை மாற்றவும் கூடும்.

இந்த இடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஸ்டாஃபோர்ட் ஜோசப் கேம்பெலைப் படித்த தலைமுறை. கேம்பெல் 1949இல் எழுதிய புகழ்பெற்ற நூலில் நாயகன் புறப்படுகிறான், சோதனைகளைக் கடக்கிறான், வரத்தோடு வீடு திரும்புகிறான். பெண் பெரும்பாலும் வழியில் வாய்க்கும் துணை, அல்லது தடை, அல்லது பரிசு. வென்றவனின் வரைபடம் அது. ஸ்டாஃபோர்டின் உலகத்திலும் அந்த வரைபடத்தின் ரேகைகள் இல்லாமல் இல்லை. போர்க்களம் போக விரும்பும் பெண்ணுக்கு வீங்கா என்றொரு தெய்வம் இருக்கிறாள், அவள் வழி நடக்கும் பெண்கள் தலைமுடியைச் சிவப்பாக்கிக்கொள்கிறார்கள். நல்லதுதான். ஆனால் முடியை மாற்றாமல் போக முடியாதா என்று கேட்கத் தோன்றுகிறது. இருந்தாலும் கேம்பெலின் வரைபடத்தில் இல்லாத ஒன்று இங்கே இருந்தது. தோற்றுப்போன தெய்வம். தோல்வியையே சடங்காக வைத்திருக்கும் கோயில்.

யெல்மாலியோ என்று அவன் பெயர். 1979இல் வந்த ‘கல்ட்ஸ் ஆஃப் பிராக்ஸ்’ என்ற நூலில் அவனுடைய வழிபாடு விரிவாகச் சொல்லப்படுகிறது. சூரியன் கொல்லப்பட்ட பிறகு எஞ்சிய ஒளி அவன். தங்கக் குன்று என்ற இடத்தில் அவன் அடுத்தடுத்துத் தோற்கிறான். ஓர்லாந்திடம் ஆயுதங்கள் போகின்றன. இருட்டின் போர்த்தெய்வமான சோராக் சோரான் அவனை அடித்து வீழ்த்தி நெருப்பைப் பறித்துக்கொள்கிறான். பனித்தெய்வம் இனோராவின் குளிரும் அவனைத் தீண்டுகிறது. சாகவில்லை. வெப்பம் போய், வெளிச்சம் மட்டும் மிஞ்சுகிறது. குளிர்ந்த சூரியன். அவன் பக்தர்கள் நீண்ட ஈட்டியோடு வரிசை கலையாமல் நிற்கும் காலாட்படையினர், பெரும்பாலும் ஆண்கள். நெருப்பு மந்திரம் அவர்களுக்கு விலக்கு. ஒவ்வொரு வரத்துக்கும் ஒரு விரதம் கட்டாயம். தெய்வம் தோற்ற குன்றுக்குத் தெய்வத்தின் வேடத்தில் ஏறி, அதே தோல்வியை அவர்கள் அனுபவித்து வருகிறார்கள். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் மனதுக்குள் ஒரு நப்பாசை இருக்கும்: இந்த முறை நெருப்பைப் பறிகொடுக்காமல் வந்துவிட்டால்?

சுவையான செய்தி ஒன்று. தொன்மத்துக்குள் போகும் இந்தப் பயணத்துக்கான முழு விதிகள் தனி நூலாக வரும் என்று எழுபதுகளின் இறுதியிலேயே சொல்லப்பட்டது. வரவில்லை. விதியை அச்சில் காணாமலே ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு விதமாகக் குன்றேறிக்கொண்டிருந்தார்கள். 1989இல் வேறொரு நிறுவனத்தின் பலகை விளையாட்டு ‘ஹீரோகுவெஸ்ட்’ என்ற பெயரை எடுத்துக்கொண்டது. அந்தப் பெயரில் ஸ்டாஃபோர்டின் உலகத்துக்கான விதிநூல் 2003இல்தான் வந்தது. தொன்மத்தை எப்படி மாற்றுவது என்பதற்கு யாராலும் சட்டென்று விதி எழுதிவிட முடியவில்லை என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

ஊரடங்கு தளர்ந்த பிறகு சனிக்கிழமை இரவுகளில் எங்கள் வீட்டு மாடியில் ஐந்து பெண்கள் கூடினோம். கதையை நடத்தியது அக்கா மகள். நான், வரலாற்றுத் துறையில் இருக்கும் தோழி, இரண்டு ஆய்வு மாணவிகள். பத்து முகப் பகடை இரண்டை உருட்டினால் நூறுக்குள் ஒரு எண் வரும். திறமை எவ்வளவோ அந்த எண்ணுக்குள் விழ வேண்டும். பல வாரங்கள் நெல்லூர் மாட்டுச் சந்தையில் பேரம் பேசுவது போன்ற காரியங்களையே செய்துகொண்டிருந்தோம் (என் தோழி அந்தக் கற்பனை மாடுகளுக்குப் பெயர்கூட வைத்தாள்). பிறகு ஒரு நாள் அக்கா மகள் தங்கக் குன்றைக் கொண்டுவந்தாள்.

முதலில் ஏறியது நான். வெல்வது என்று முடிவு செய்துதான் ஏறினேன். ஈட்டித் திறமை எழுபத்தைந்து. சோராக் சோரான் எதிரே வந்ததும் உருட்டினேன். இரண்டு பகடையிலும் சைபர். நூறு, அதாவது படுதோல்வி. ஈட்டி கையைவிட்டுப் போயிற்று, நெருப்பும் போயிற்று. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் தொண்டையில் ஏதோ அடைத்தது. நாற்பத்து நான்கு வயதில், பிளாஸ்டிக் பகடைக்காக.

அடுத்த வாரம் தோழி ஏறினாள். வரலாற்றுக்காரி அல்லவா, மூன்று வாரம் திட்டமிட்டிருந்தாள். பழைய தோல்விகளின் வரிசையை எழுதிவைத்து, எங்கே யாரைத் துணைக்கு வைப்பது என்று கணக்குப் போட்டு, உண்மையிலேயே நெருப்பைக் காப்பாற்றிக்கொண்டு இறங்கிவிட்டாள். நாங்கள் கைதட்டினோம். அக்கா மகள் தட்டவில்லை. “எந்தக் கோயிலுக்குத் திரும்பிப் போறீங்க ஆன்ட்டி?” என்று கேட்டாள். நெருப்பு விலக்கு என்பதன் மேல்தான் அந்தக் கோயிலின் விரதம், வரம், ஒழுங்கு எல்லாம் கட்டப்பட்டிருக்கின்றன. கையில் நெருப்போடு வந்தவளைக் கூட இருந்தவர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. வாசலில் ஈட்டிகள் குறுக்கே நின்றன. தோழி கோபித்துக்கொண்டாள். நியாயமான கோபம். ஜெயித்தவளைத் தண்டிக்கும் விளையாட்டா இது என்றாள். அன்றைய ஆட்டம் சண்டையில் முடிந்தது.

எனக்கு அந்தச் சண்டை பல நாள் மனதில் ஓடியது. தொன்மத்தை மாற்றி எழுதுவதைப் பெண்ணெழுத்து நெடுங்காலமாகச் செய்துவருகிறது, நானும் கவிதைகளில் செய்திருக்கிறேன். சீதை கையில் வாள் கொடுத்து எழுதிய என் பழைய கவிதை ஒன்றை இன்று படித்தால் கூச்சமாக இருக்கிறது. வாளைக் கொடுத்தேனே தவிர, அவள் எங்கே போவாள் என்று யோசிக்கவில்லை. புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘சாபவிமோசன’த்தில் விமோசனம் கிடைத்த அகலிகை, சீதைக்கு நேர்ந்த அக்கினிப் பரீட்சையைக் கேட்டு மறுபடி கல்லாகிறாள். ஒரு பெண்ணின் மீட்பை இன்னொரு பெண்ணின் சோதனையோடு சேர்த்துவைத்துப் பார்த்தால் மீட்பே குலைந்துபோகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முடிவை மட்டும் பிடித்துத் திருப்பினால் போதாது. அந்த முடிவைத் தாங்கி நிற்கும் மற்றவை எல்லாம் அப்படியே இருக்கின்றன.

கிளோராந்தாவிலேயே இதற்கு ஒரு எச்சரிக்கைக் கதை உண்டு. தெய்வங்களை ஆராய்ந்து வகைப்படுத்திய அறிஞர் கூட்டம் ஒன்று, எல்லாத் தொன்மங்களும் அடியில் ஒன்றே என்று முடிவு கட்டுகிறது. அதைச் சோதித்துப் பார்க்க, இரண்டு நாடுகளின் தானியத் தேவியரை இடம் மாற்றிவைக்கிறார்கள். இவளும் விளைவிப்பவள், அவளும் விளைவிப்பவள், யார் எங்கே இருந்தால் என்ன? விளைச்சல் பொய்த்தது. மாற்றப்பட்ட தேவியரிடம் யாரும் கேட்கவில்லை. மண் மாறி, மொழி மாறிப் போய் நிற்கும் அந்த இரு பெண்களை நினைக்கும்போது எனக்குக் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

மாற்றம் என்பதே பிழை என்று சொல்லவரவில்லை. யார் மாற்றுகிறார்கள், யாருடையதை என்பது கேள்வி. இந்த விளையாட்டுகளின் வரலாற்றிலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. ஜீன் வெல்ஸ், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனத்தில் வடிவமைப்பாளராக வேலைக்குச் சேர்ந்த முதல் பெண். அவர் எழுதிய ‘பேலஸ் ஆஃப் தி சில்வர் பிரின்சஸ்’ 1981இல் ஆரஞ்சு அட்டையோடு அச்சாகி வந்த சூட்டிலேயே திரும்பப் பெறப்பட்டது. படங்கள் சிலவற்றைப் பற்றி ஆட்சேபம். பிரதிகளில் பெரும்பகுதி அழிக்கப்பட்டது. டாம் மோல்ட்வே அதைத் திருத்தி எழுத, பச்சை அட்டையில் மறுபடி வந்தது. ஜீன் வெல்ஸ் 2012இல் இறந்தார். இந்த விளையாட்டுக்காரர்கள் அவரைப் பற்றிச் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான்: தடைசெய்யப்பட்ட அந்த ஆரஞ்சுப் புத்தகம். ஏலத்தில் அது என்ன விலைக்குப் போகும் என்பது இரண்டாம் வாக்கியம். ‘டிராகன்’ இதழில் வாசகர்களின் விதிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதியைத் தொடக்கத்தில் எழுதியவர் அவர் என்பது வெகு தாமதமாகவே பேச்சில் வரும், வந்தால். ஒரு பெண்ணின் வேலையெல்லாம் சுருங்கி ஒரே ஒரு தோல்வியாகி, அதுவும் பிறருக்குச் சேகரிப்புப் பொருளாகிவிட்டது. அந்த ஆரஞ்சு வடிவத்தைத் தேடி எடுத்து அவர் எழுதியபடியே விளையாடிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர்கள் எதையும் வெல்லவில்லை. பழைய அரண்மனைக்குள் அவர் வைத்த வாசல் வழியாக நடக்கிறார்கள்.

மூன்றாவது முறை குன்றேறியது ஆய்வு மாணவி ஒருத்தி. வகுப்பில் அதிகம் பேசாதவள். “நான் அந்தப் பக்கத்திலேர்ந்து ஏறலாமாக்கா?” என்று அக்கா மகளிடம் கேட்டாள். அந்தப் பக்கம் என்றால் சோராக் சோரானின் பக்கம். அவள் ட்ரோல் இனத்துப் பெண்ணாக ஏறினாள்.

ட்ரோல்கள் கிளோராந்தாவில் வெறும் அசுரர்கள் இல்லை. கைகர் லிட்டோர் என்னும் தாய்த்தெய்வத்தின் பிள்ளைகள், தாய்மார் ஆளும் சமூகம். அவர்களுடைய வீடு பாதாளத்தில், இதமான இருட்டில் இருந்தது. ஓர்லாந்த் கொன்ற சூரியன் செத்து எங்கே விழுந்தது? அவர்கள் வீட்டில். எரிந்துகொண்டே விழுந்தது. வெந்த உடம்போடு அவர்கள் மேலுலகத்துக்கு ஓடிவந்த அகதிகள். அவர்களுக்குத் தங்கக் குன்று தோல்வியின் இடமே இல்லை. தங்களை எரித்த நெருப்பில் ஒரு துண்டை முதன்முறையாகத் திருப்பிப் பறித்த இடம். ஆண்டுதோறும் கொண்டாட வேண்டிய நாள்.

இன்னொன்றை அப்போது அக்கா மகள் விளக்கினாள். இந்த உலகத்தில் தொன்மப் பயணம் போகிறவர்கள் எதிர்கொள்ளும் பகைவர் எப்போதும் கற்பனைப் பூதம் இல்லை. பல சமயம் அவரும் தன் கோயிலிலிருந்து தன் தெய்வத்தின் கதையை நடத்த வந்த ஆள். ஒரே குன்று, ஒரே நாள். இவர்களுடைய தோல்விச் சடங்கு நடக்க அவர்களுடைய வெற்றிச் சடங்கு வேண்டும். யாராவது ஒருவர் தோற்கும் வேடத்தில் வந்து நிற்காவிட்டால் வெற்றிக்காரர்களின் திருவிழா நடக்காது.

மாணவி பகடையை உருட்டவே இல்லை. அவளுடைய ட்ரோல் பெண், எதிரே ஈட்டியோடு வந்தவனைப் பார்த்து, “நீ எதுக்கு வருஷா வருஷம் இங்க வர?” என்று கேட்டாள். அவனுடைய வேடத்தில் பேச வேண்டிய அக்கா மகளுக்குப் பதில் வரவில்லை. நாங்கள் எல்லோரும் பேசாமல் இருந்தோம். கீழே தெருவில் பால்காரரின் வண்டிச் சத்தம் கேட்கும் வரை உட்கார்ந்திருந்தோம்.

எனக்கு அந்தச் சத்தத்தில் நினைவு வந்தது மாமா. பெரியம்மாவின் தம்பி. அவருடைய அறுபதாம் கல்யாணத்தில் திண்ணையில் ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே அவர் சொன்ன கதை. அதையும் நான் சிறு வயதிலிருந்து பலமுறை கேட்டிருக்கிறேன். தாத்தாவின் சாமர்த்தியத்துக்கு அடையாளமாகச் சொல்லப்படுவது. “அப்பா யார்கிட்டயும் கத்தல, ஆள் அனுப்பல. போஸ்ட் ஆபீஸுக்குப் போனாரு. ஒரே ஒரு தந்தி. அம்மா சீரியஸ், உடனே வா. மறுநாள் சாயங்காலம் பொண்ணு வாசல்ல நிக்குது.” எல்லோரும் சிரிப்பார்கள். பாட்டி அன்று சீரியஸாக இல்லை, கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார் என்பதில்தான் கதையின் நகைச்சுவை.

ஒன்று உள்ளறையில் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் கதை. இன்னொன்று திண்ணையில் ஆண்கள் சொல்லிக்கொள்ளும் கதை. இரண்டும் ஒரே நாளைப் பற்றியவை, ஒரே பெண்ணைப் பற்றியவை என்று எனக்கு அந்த இரவு வரை உறைக்கவில்லை. தமிழ் இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்றவள், கதைப் பின்னல் பற்றி வகுப்பெடுக்கிறவள். மாமாவின் கதையில் பெண்ணுக்குப் பெயர்கூட இருக்காது, “பொண்ணு” என்று மட்டும் வரும். அதனால் தவறவிட்டேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். தாத்தாவின் வெற்றி நிலைக்க வேண்டுமானால் பெரியம்மா கல்யாணத்துக்குக் கல்யாணம் தோற்றாக வேண்டும். ஏமாற்றித் திரும்ப வரவழைக்கப்பட்டவள் என்றால் சாமர்த்தியத்தில் அசிங்கம் தெரியும். தானே முடியாமல் வந்தவள் என்றால் தெரியாது. ப்ளஸ் டூ முடித்த நான் அந்தக் குன்றின் அடிவாரத்தில் நிறுத்தப்பட்ட அடுத்த ஆள்.

அந்தப் பொங்கலுக்கு அக்கா மகளும் நானும் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். தனியாகத்தான் இருக்கிறார். பெரியப்பா போய்ப் பத்து வருடமாகிறது. தந்தியைப் பற்றிக் கேட்டேன். “தெரியுமே” என்றார். எப்போது தெரியும்? “பஸ்ஸ விட்டு இறங்கி வாசலுக்கு வந்தேன், அம்மா கொடியில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தாங்க. அப்பவே தெரியும்.” பிறகு ஏன் இத்தனை வருடம் மறுக்கவில்லை? பெரியம்மா என்னை ஒரு அசட்டுப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். “அப்பாவ பொய்யன்னு சொல்றதா? அடுத்த ஆவணியில கல்யாணம் வச்சுட்டாங்க. அங்க போயும் இத சொல்லிக்கிட்டு இருக்கறதா? நானே முடியாம வந்தேன்னா ஒரு வார்த்தையில முடிஞ்சுது.”

இதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவரே தேர்ந்தெடுத்துப் போட்ட வேடம் என்று சொன்னால் தாத்தா தப்பித்துவிடுகிறார். திணிக்கப்பட்டது என்று சொன்னால், குடும்பத்தின் முகத்தைத் தனியாளாக ஐம்பது வருடம் தாங்கிய அந்தக் கணக்கு காணாமல் போகிறது.

அக்கா மகள்தான் கேட்டாள். எனக்குத் தோன்றாத கேள்வி. “திரும்பி வந்தத விடுங்க பெரியபாட்டி. அந்தப் பதினொரு நாள் என்ன பண்ணீங்க?”

யாரும் கேட்டதில்லை. கதை எப்போதும் திரும்பி வருவதில்தான் ஆரம்பிக்கும், அதிலேயே முடியும். பெரியம்மா முதலில் “என்ன பண்ணோம், ஒண்ணும் பண்ணல” என்றார். பிறகு விடுதியில் காலை ஐந்தரைக்கு அடிக்கும் மணியைப் பற்றிச் சொன்னார். திருநெல்வேலியிலிருந்து வந்து பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பெண்ணைப் பற்றி, அவள் பேச்சு பாதி புரியாததைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் சேர்ந்து மெரினாவுக்குப் போனது, உப்பு ஒட்டிய பாவாடையோடு வந்து திட்டு வாங்கியது. கட்டில் விரிப்பின் மூலையைத் தபால் உறை போல மடித்துச் செருகாவிட்டால் மேட்ரன் உருவிப் போட்டுவிடுவாராம். பெரியம்மா வீட்டுக் கட்டில் விரிப்புகளின் மூலைகள் எப்போதும் அப்படித்தான் இருக்கும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக அதைக் கலைத்துவிட்டு அடி வாங்கியிருக்கிறோம்.

“நாலு நாள் நாடி பாக்க மட்டுமே கத்துக் குடுத்தாங்க” என்றார். அக்கா மகள் கையை நீட்டினாள். பெரியம்மா மூன்று விரல்களை அவள் மணிக்கட்டில் வைத்து, கொஞ்சம் நகர்த்தி, சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினார்.

“எம்பத்தாறு. என்னடி இப்படி ஓடுது? நிதானமா உக்காரு, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி பாக்கறேன்.”